நீலக் கோடு

அத்தியாயம் ஒன்பது

காதில் செருகிய நீலப் பென்சில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அன்று காலை பெரிய ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் அது காதில்தான் இருந்தது.

அவரைப் போன வாரம் விட்ட இடம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தம்பியின் இடது கால் பெருவிரலில் ஷூ கடித்த புண். ஐந்து வாரமாகியும் ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது. "ஆயின்மென்ட் போடு, சரியாயிடும்" என்று மூன்று ட்யூப் கொடுத்துப் பார்த்த அண்ணன், நான்காவதை எடுக்கப் போனபோது தம்பி மனைவி தடுத்துவிட்டாள்.

"போதும் மாமா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களும் கூட வாங்க, உங்களுக்குத்தான் விவரம் தெரியும்."

விவரம் தெரிந்தவர் வந்துவிட்டார். மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் இருபத்தேழு வருஷம் நின்றவர். தெருவில் அவரை 'டாக்டர்' என்றார்கள். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் 'அரை டாக்டர்' என்றார்கள். இரண்டு பெயரும் அவருக்குத் தெரியும். முதல் பெயரை அவர் நம்பினார், சிக்கலே அதுதான்.

கடையில் அவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, கொடுத்த மருந்துக்கு எதிரே நீலப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். கொடுக்காத மருந்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பியின் சீட்டிலும் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் கதைதான் இந்த வாரம்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அப்போதே அவனுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோது பிபி நூற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது, சிறுநீரில் புரதமும் கசிந்தது. கிளினிக் டாக்டர் வழக்கமான மூன்று மாத்திரைக்குக் கீழே நான்காவதாக ஒரு பிபி மாத்திரை எழுதினார். தம்பி இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டான். பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து நின்றான்.

"அண்ணா, இதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து வறட்டு இருமல். குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருது. நான் லிஃப்ட் பள்ளத்துல இறங்கி நிக்கிறவன். அங்கே விழுந்தா எவன் பார்ப்பான்?"

அண்ணன் கடையிலிருந்த மெஷினைத் தம்பி கையில் கட்டிப் பார்த்தார். நூற்று இருபத்தாறு, எழுபத்தெட்டு.

"இதோ பாரு, நார்மல்! உனக்கு பிபியே இல்லடா. இல்லாத வியாதிக்கு எதுக்கு மாத்திரை? அவங்க ஆளாளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காப் போடு."

எண்ணை இறக்கி வைத்ததே அந்த மாத்திரைதான். அது இறக்கி வைத்த எண்ணைக் காட்டியே அது வேண்டாம் என்று சொன்னார். இதைவிட நேர்த்தியாக ஒரு மனிதன் தப்புச் செய்ய முடியாது. "இருமல் வருது, வேற மாத்திரை மாத்திக் கொடுங்கன்னு டாக்டர்கிட்ட கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்லி அனுப்பினால் இவர் என்ன டாக்டர்?

அன்றைக்கு இழுத்ததுதான் அந்தக் கோடு. "உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லாதே, வீணா பயந்துக்குவா" என்றும் சேர்த்துச் சொன்னார். அதன்பிறகு மாதாமாதம் மூன்று மாத்திரைதான் பழுப்புக் கவரில் தம்பி வீட்டுக்குப் போயிற்று. கிளினிக்கில் பிபி மறுபடி ஏறியதும் அந்த டாக்டர் நான்காவது மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினார். அரை டாக்டர் அதன் மேலும் ஒரு கோடு இழுத்தார். பெரிய அளவுக்குப் பெரிய கோடு.

"லிஃப்ட் மெக்கானிக் யாருங்க? உள்ளே வாங்க."

நர்ஸ் கூப்பிட்டாள். மூன்று பேரும் எழுந்தார்கள்.

ரத்தக்குழாய் டாக்டர் ஒரு பெண்மணி. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கிறவர். தம்பியைப் படுக்கவைத்து முதலில் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார். பிறகு அதே பட்டையைக் கணுக்காலில் கட்டினார். பேனா போன்ற ஒரு கருவியைப் பாதத்தின் மேல் வைத்ததும் ஒலிபெருக்கியில் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. வலது காலில் அது ஷ்விஷ் ஷ்விஷ் என்று பலமாக அடித்தது.

இடது காலில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்த்தினார். பக்கத்து வீட்டில் யாரோ தரையைப் பெருக்குவது போல மெலிதாக ஒரு சத்தம் வந்தது.

"கையில நூத்தி எழுபத்தெட்டு. இடது கணுக்கால்ல தொண்ணூறு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "முழங்காலுக்குக் கீழே குழாய் அடைச்சிருக்கு. ரத்தம் போனாத்தானே புண் ஆறும்?"

"ஷூ கடிச்சதுதான் டாக்டர்" என்றாள் தம்பி மனைவி. சொன்னால் அந்தச் சின்னக் காரணம் சின்னதாகவே நின்றுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"ஷூ ஒரு சாக்கும்மா. சர்க்கரை, ரத்தக்குழாயோட உள்சுவரைச் சொரசொரப்பாக்கிடும். பிபி அதே சுவர்ல நாள் முழுக்க மோதிக்கிட்டே இருக்கும். ரெண்டும் சேர்ந்தா குழாய் தாங்காது."

படுத்திருந்த தம்பி சிரித்தான். "ஆயில் போடாத லிஃப்ட்ல ஓவர்லோடும் ஏத்தின மாதிரி."

"அதேதான். ஆனா உங்க லிஃப்ட்ல மணி அடிக்கும். இதுல அடிக்காது."

தம்பி மனைவி நீல நிறக் கோப்பு ஒன்றை மேசைமேல் வைத்தாள். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். கணவனின் சீட்டுகளைத் தேதி வாரியாக, ஓரம் மடங்காமல் அடுக்கி வைத்திருந்தாள். டாக்டரம்மா புரட்டினார். புருவம் சுருங்கியது.

"இவ்வளவு பெரிய டோஸ் சாப்பிட்டுமா நூத்தி எழுபத்தெட்டு? ஒரு நாள்கூட விடலையா?"

டாக்டரம்மா கோப்பிலிருந்து கண்ணை எடுத்துத் தம்பியைப் பார்த்தார்.

"விட்டிருந்தா சொல்லுங்க, திட்ட மாட்டேன். நான் இதுக்கு மேல இன்னும் ரெண்டு மருந்து ஏத்தப் போறேன். நீங்க பழசைச் சாப்பிட்டதே இல்லைன்னா, எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து பிபி ஒரேயடியா விழுந்துடும். நின்ன இடத்துல மயங்கிடுவீங்க. இந்தக் காலுக்குப் போற கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்னு போகும். அதனாலதான் கேக்கறேன்."

தம்பி தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தான். ஒரே ஒரு விநாடி.

"விடல டாக்டர்" என்றான்.

"சரி, இந்தக் கோடு என்ன? எல்லாச் சீட்டுலயும் இந்த மாத்திரை மேலயே இருக்கே?"

பதில் சொன்னது தம்பி மனைவி. "அது எங்க மாமா போட்டது டாக்டர். மெடிக்கல்ல இருக்கார். மருந்து கொடுத்தாச்சுன்னு அடையாளத்துக்கு டிக்கோ கோடோ போடுவார்."

அவள் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாரே, அதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

அவருக்குள்ளே ஒருவன் 'இல்லை, இல்லை' என்று கத்தினான். தலை மட்டும் ஆமாம் என்று ஆடியது.

டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். "நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிடுங்க. குழாய்க்குள்ள பலூன் விட்டுத் திறந்து பார்ப்போம். திறந்துடுச்சுன்னா விரலோட போகும்." பேனாவை வைத்துவிட்டுத் தன் முழங்காலுக்குக் கீழே கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார். "திறக்கலைன்னா இதுவரைக்கும் எடுக்க வேண்டி வரலாம். பிபி மாத்திரை மூணையும் இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க."

தம்பி மனைவி பெயர் பதியப் போனதும் அண்ணனும் தம்பியும் வராந்தாவில் தனியாக நின்றார்கள்.

"ஏன்டா பொய் சொன்னே?"

"நீ ஏன் தலையாட்டினே?"

அண்ணன் கீழே பார்த்தார். தம்பியின் இடது காலில் செருப்புக்கு மேல் கட்டுப் போட்ட விரல் துருத்திக்கொண்டிருந்தது.

"பின்னே என்னண்ணா பண்ணச் சொல்றே? நீதான் வேணாம்னு சொன்னேன்னு அந்தம்மா எதிர்ல சொல்லவா? என் பொண்டாட்டி எதிர்ல சொல்லவா? இன்னிக்குச் சொல்லிட்டா அப்புறம் நீ எங்க வீட்டு வாசப்படி மிதிக்க முடியுமா?"

"இப்பவே உள்ளே போய்ச் சொல்லிடட்டுமாடா?"

கேள்வியிலேயே வேண்டாம் என்ற பதிலுக்கு இடம் விட்டுத்தான் கேட்டார். தம்பிக்கு அண்ணனைத் தெரியும்.

"விடுண்ணா. சீட்டு எப்படியும் உன் கடைக்குத்தானே வரப்போகுது? நீ பார்த்துக் குறைச்சுக் கொடு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்."

அண்ணனுக்கு மூச்சு வந்தது. காலை இழக்கப் போகிறவன் ஆறுதல் சொல்கிறான், அதைக் கேட்டு இவருக்கு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிக்காகவே அவரை நாலு அறை அறையலாம்.

மதியம் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனார். தட்டில் இருந்த மாத்திரைப் பெட்டிகளை எடுத்து வைத்து, மனதுக்குள் ஒரு திட்டம் போட்டார். பழைய மாத்திரையில் மிகச் சின்ன அளவு. அதிலும் பாதி. மற்ற இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். அவள் கேட்டால் ஸ்டாக் இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு ஆஸ்பத்திரியில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். யாருக்கும் தெரியாமல் செய்ததை யாருக்கும் தெரியாமலே சரிசெய்துவிடலாம்.

தப்பை மறைக்க மறுபடியும் அதே தப்பு. மறுபடியும் சீட்டில் ஒரு கோடு. அது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. பென்சிலைச் சீவிக் காதில் வைத்துக்கொண்டார்.

மூன்றரை மணி இருக்கும். தம்பி மனைவி வந்தாள். கையில் அதே கோப்பு.

"மாமா, கட்டுப் போடுற துணியும் பஞ்சும் கொடுங்க."

"இரும்மா, இவரை அனுப்பிட்டு வர்றேன்."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் தன் அம்மாவின் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். அரை டாக்டர் இரண்டு மருந்தை எடுத்துக் கொடுத்து டிக் போட்டார். மூன்றாவதன் மேல் கோடு இழுத்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன டாக்டர், கோடு போட்டுட்டீங்க? ஸ்டாக் இல்லையா?"

"நாளைக்கு வா, வந்துடும்."

கண்ணாடிக் கவுண்டர்மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது. "கோடு போட்டா கொடுத்தாச்சுன்னுதானே அர்த்தம்?"

அவளுக்குத் தெரிய வழியில்லை. இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் கடைக்கு வந்து வரிசையில் நின்றதே இல்லை. கவர் வீட்டுக்கே வந்துவிடும்.

வேன்காரர் சிரித்தார். "இல்லக்கா. டிக்குன்னா கொடுத்தாச்சு. கோடுன்னா கொடுக்கல. இந்தத் தெருவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

அவள் கோப்பைத் திறந்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பிசகாமல் கண்ணாடிமேல் வரிசையாகப் பரப்பினாள். மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சீட்டு. ஒவ்வொன்றிலும் மூன்று டிக், ஒரு நீலக் கோடு.

"மாமா, இது என்ன?"

"அது... நீ முதல்ல இன்னிக்கு எழுதின சீட்டைக் கொடும்மா. நான் பார்த்து எடுத்துத் தர்றேன்."

"அந்த மாத்திரை வாங்கியாச்சு. அங்கேயே ஆஸ்பத்திரி மெடிக்கல்ல வாங்கிட்டேன். காலையில இருந்து எங்களோட அலைஞ்சீங்களே, உங்களுக்கு எதுக்குத் திரும்பவும் சிரமம்னு."

அரை டாக்டர் கவுண்டர்மேல் சாய்ந்து கேட்டார். "போட்டாச்சா?"

"சாப்பிட்ட கையோட கொடுத்துட்டேன். மூணையும். ஒரு மணிக்கு." அவள் குரல் மெல்ல இறங்கியது. "கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். 'என்ன யோசனை'ன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னு சொல்லி வாயில போட்டுத் தண்ணி குடிச்சிட்டார்."

அண்ணனைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க அந்த முட்டாள் மூன்றையும் விழுங்கியிருக்கிறான்.

"இப்ப எங்கே அவன்? வீட்டுலயா?"

"சைட்டுக்குப் போயிருக்கார். நாளைக்குப் படுத்தா எப்ப எழுந்திருப்பேனோ, ஒரு லிஃப்ட் பாதியில நிக்குது, ஒரு மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்துட்டு வந்துடறேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். டாக்டரம்மா காலையில் சொன்னது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நேராக் கேக்கறேன். இந்த மூணு வருஷமா அவர் பிபி மாத்திரை சாப்பிட்டாரா, இல்லையா?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் அவரை டாக்டர் என்று கூப்பிடுகிறவர்கள். இருபத்தேழு வருஷம் சம்பாதித்த நல்ல பெயர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நின்றது.

"சாப்பிடலம்மா" என்றார். "ஒண்ணுகூடச் சாப்பிடல. நான்தான் வேணாம்னு நிறுத்தினேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தார். அதுவும் இல்லை.

"அந்தம்மா அத்தனை தடவை கேட்டாங்களே. திட்ட மாட்டேன்னு சொல்லிக் கேட்டாங்களே. நீங்க அங்கேதானே நின்னீங்க? நின்னு தலையாட்டினீங்களே மாமா?"

அவர் போனை எடுத்துத் தம்பி எண்ணைப் போட்டார். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. லிஃப்ட் பள்ளத்தில் இறங்குமுன் போனை மேலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் தம்பி இறங்குவான். நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

மறுபடி போட்டார். மறுபடி அடித்து ஓய்ந்தது.

தம்பி மனைவி சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றவளைப் பார்த்து வேன்காரர் தன் வண்டிக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கக்கா, எங்கேன்னு சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடறேன். டாக்டர், நீங்களும் வாங்க. நீங்க கூட இருந்தா ஒரு தைரியம்."

"அவர் டாக்டர் இல்ல" என்றாள் அவள்.

சத்தமாகச் சொல்லவில்லை. கடைவாசலில் நின்ற நாலு பேருக்கும் கேட்டது. அரை டாக்டர் கவுண்டர் பலகையைத் தூக்கி வெளியே வந்தார். யாரும் வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. வேனில் பிள்ளைகள் உட்காரும் கடைசி இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி திருப்பத்தில் ஆடியபோது காதிலிருந்த பென்சில் கீழே விழுந்து எங்கோ உருண்டது. அவர் அதைத் தேடவில்லை. மூன்றாவது முறையாக எண்ணைப் போட்டார்.

இந்த முறை போனை எடுத்தார்கள்.

"தம்பி! மேலே ஏறி வாடா. எதையாவது பிடிச்சுக்கிட்டு மெதுவா மேலே ஏறி வந்துடு..."

அந்தப் பக்கம் பல பேர் ஒரே நேரத்தில் கத்துவது கேட்டது. பிறகு யாரோ மூச்சிரைக்கக் கேட்டார்கள். அது தம்பியின் குரல் இல்லை.

"ஹலோ, போன்ல அண்ணான்னு பேர் வருதே, டாக்டர் அண்ணான்னு... நீங்க டாக்டருங்களா?"